வந்து மூணு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள என்ன வாய்?

மேலே தலைப்புல இருக்கிற வாக்கியம் எல்லா ஆபீஸ்லயும், எல்லாக் கடையிலயும் செல்லுபடியாகும். துணிக்கடையில சொன்னாங்கன்னா போய்த் தொலையட்டும்னு விட்டுடலாம். மிஞ்சிப் போனா நாலு புடவை மடிப்பு கலையும். ஆனா ஒண்ணரை வயசுப் பிள்ளைங்க வரிசையாப் படுத்துத் தூங்குற ஒரு அறையில நின்னுக்கிட்டு இதைச் சொன்னா, அது வேற கதை. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. வழக்கமா இங்க கிடைக்கிற ரசம், பழைய பாட்டு, பயண மொக்கை எல்லாம் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க மக்களே. இன்னிக்குக் கொஞ்சம் சூடாவும் இருக்கும், நீளமாவும் இருக்கும். காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். குழந்தைகள் காப்பகத்துல புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி "இது சரியில்லையே"ன்னு சொன்னா, அந்த இடத்துலயே ரொம்ப மதிப்பான பேச்சு அதுதான். ஏசியை விட, சுவத்துல வரைஞ்ச மிக்கி மவுஸை விட, கேமராவை விட மதிப்பு. அதை வாயை மூடுன்னு அடக்கறது திமிர் மட்டும் இல்லை, ஆபத்து.

இதை நான் காத்துல கத்தி சுத்திச் சொல்லலை. சாந்தோம் நெடுஞ்சாலையை ஒட்டின ஒரு தெருவுல இருக்கிற காப்பகத்துல கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். என் பிள்ளைங்க வளர்ந்தாச்சு, வீட்டுல சும்மா இருக்கோமேன்னு போனது. எந்தக் காப்பகம்னு சொல்ல மாட்டேன், தனிமடல்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஏன்னா இது ஒரு கட்டடத்தைப் பத்தின கதை இல்லை. பேரைச் சொன்னா எல்லாரும் "அப்பாடா, நம்ம பிள்ளை அங்க இல்லை"ன்னு நிம்மதியாப் போயிடுவீங்க. அந்த நிம்மதியைத் தர்ற உத்தேசம் எனக்கு இல்லை.

நம்ம ஏரியா தெரிஞ்சவங்களுக்கு இந்தத் தொழிலோட வரைபடம் புரியும். பிள்ளையைக் கொண்டுவந்து விடறவங்க மந்தைவெளி, ஆர்.ஏ.புரம், எம்.ஆர்.சி. நகர் பக்கம். அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, கால் கழுவிவிட்டு, தூங்க வைக்கிறவங்க நொச்சிக்குப்பம், டுமிங்குப்பம், சீனிவாசபுரம் பக்கம். ரெண்டுக்கும் நடுவுல நடந்து போற தூரம்தான். ஆனா ஒரு பக்கம் சொன்னா "ஃபீட்பேக்", இன்னொரு பக்கம் சொன்னா "வாய்".

நான் சொன்னது மூணே மூணு விஷயம்.

ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு மணி. பணியாளர்கள் மாத்தி மாத்திச் சாப்பிடப் போற நேரம். அந்த ஒரு மணி நேரம் பதிமூணு பிள்ளைங்களுக்கு ஒரே ஆள். அதுல பாதிக்கு மேல இன்னும் நடக்கத் தெரியாதது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஒரு பொம்பளை எத்தனை பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓட முடியும்? இடுப்புல ஒண்ணு, தோள்ல ஒண்ணு. மீதி பதினொண்ணு?

ரெண்டு, பின்வாசல் பூட்டு. திருடன் பயம்னு பூட்டினது, நியாயம்தான். சாவி முதலாளியம்மா கைப்பையில. அவங்க மதியம் வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்போ சாவியும் வீட்டுக்குப் போயிடும்.

மூணு, நோட்டு. எந்தப் பிள்ளை எங்கே விழுந்தது, எங்கே அடிபட்டது, யார் பக்கத்துல இருந்தாங்கன்னு எழுத ஒரு நோட்டு வெச்சிருந்தாங்க. அட்டையில் பூ ஸ்டிக்கர் ஒட்டின அழகான நோட்டு. உள்ளே பக்கமெல்லாம் வெள்ளை. ஒரு பிள்ளை கன்னத்துல வீக்கத்தோட வீட்டுக்குப் போன நாள்லகூட வெள்ளை. கேட்டா, "எழுதி வெச்சா அம்மாங்க பார்த்துப் பயந்துடுவாங்க"ன்னு பதில்.

நான் ரோட்டுல நின்னு கத்தலை. பெற்றோரைக் கூட்டிப் புரட்சி பண்ணலை. முதல்ல வாயால சொன்னேன். பத்து நாள் பார்த்துட்டு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். அதுக்கு வந்த பதில்தான் தலைப்பு. மாசக் கடைசியில "நமக்குள்ள செட் ஆகலைம்மா"ன்னு கணக்கு முடிச்சுக் கையில கொடுத்துட்டாங்க. எங்க வீட்டுல இன்னொரு சம்பளம் வருது, அடுப்பு அணையலை. என்கூட வேலை பார்த்த அக்கா ஒருத்தங்களுக்கு அப்படி இல்லை. அந்தச் சம்பளத்துலதான் ரெண்டு பிள்ளைங்க ஃபீஸ். நான் மூணு மாசத்துல பார்த்ததை அவங்க பல வருஷமாப் பார்த்துட்டிருக்காங்க. வாயைத் திறக்கலை. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. வாய் திறந்தா வேலை போகும்னு என்னை வெச்சே அவங்களுக்குப் பாடம் நடத்திக் காட்டியாச்சே!

என் சொந்தக் கதை இத்தோட போதும். இனி விஷயத்துக்கு வரேன்.

புதுசா வந்தவ கண்ணு

"நீ புதுசு, உனக்கு என்ன தெரியும்?" இதுதானே கேள்வி? புதுசா வந்தவளுக்குப் பழகினவங்களைவிட ஒரு விஷயம் கூடுதலாத் தெரியும். எது வழக்கம் ஆயிடுச்சோ, அது அவளுக்கு இன்னும் வழக்கம் ஆகலை. புது வீட்டுக்குக் குடி போனா முதல் வாரம் குழாய் சொட்டுற சத்தம் தூங்க விடாது. ஆறாவது மாசம் அந்தச் சத்தம் காதுலயே விழாது. குழாய் சொட்டறது நின்னுடலை. நாம கேட்கறதை நிறுத்திட்டோம்.

2004 ஜூலை 16, கும்பகோணம். யாருக்கும் மறந்திருக்காது. சத்துணவு சமைக்கிற இடத்துல பிடிச்ச தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைங்க கருகிப் போனாங்க. அந்தக் கூரை என்ன, முந்தின நாள் ராத்திரி ரகசியமா வேய்ஞ்சதா? மாடியில கீத்துக் கொட்டகை, கீழே அடுப்பு, குறுகலான படி, ஒரே கட்டடத்துல நெருக்கிக்கிட்டு நடந்த பள்ளிக்கூடங்கள். தினமும் நூத்துக்கணக்கான பேர் கண்ணுல பட்டதுதான் எல்லாம். தெரியாம நடந்த விபத்து இல்லைங்க அது, பழகிப் போய் நடந்த விபத்து.

2012 ஜூலை 25, தாம்பரம் பக்கம் முடிச்சூர். ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு பள்ளிக்கூட பஸ்ஸோட தரையில இருந்த ஓட்டை வழியா விழுந்து, அதே பஸ்ஸோட சக்கரத்துல போச்சு. தகுதிச் சான்றிதழ் வாங்கின பஸ். சென்னை உயர் நீதிமன்றம் தானாவே வழக்கை எடுத்தது, அந்த வருஷமே பள்ளிப் பேருந்துகளுக்குன்னு தனி விதிகள் வந்தது. சரி. ஒரு பிள்ளை நுழையற அளவு ஓட்டை ஒரே ராத்திரியில விழாது. அந்த பஸ்ல தினமும் ஏறி இறங்கினவங்க இருந்திருப்பாங்க, பெருக்கினவங்க இருந்திருப்பாங்க. "இதைச் சரி பண்ணுங்க, இல்லாட்டி நான் ஏற மாட்டேன்"னு ஒரு ஆள் சொல்லி, அதை இன்னொரு ஆள் காதுல வாங்கியிருந்தா, விதிகள் வர்றதுக்கு ஒரு பிள்ளை உயிர் விலையா ஆகியிருக்காது.

சட்டமும் விதியும் நமக்கு எப்பவும் சாவுக்கு அப்புறம்தான் வருது. சாவுக்கு முன்னாடி வரக்கூடியது ஒண்ணே ஒண்ணு, உள்ளே வேலை பார்க்கிற ஆளோட வாய். அதைத்தான் நாம திண்டுக்கல் பூட்டு போட்டு வெச்சிருக்கோம்.

மாட்டும்போது யார் கழுத்து?

"உன் வேலை என்னவோ அதை மட்டும் பாரு" என்பது அடுத்த அறிவுரை. ரொம்ப அக்கறையாச் சொல்ற மாதிரி இருக்கும். ஆனா இது சுத்தப் பொய். எப்படின்னு கேளுங்க.

கும்பகோணம் வழக்குல பத்து வருஷம் கழிச்சு, 2014 ஜூலை 30 அன்னிக்குத் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. பத்து பேர் குற்றவாளி, பதினோரு பேர் விடுதலை. நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017-ல உயர் நீதிமன்றம் அதைக் குறைச்சது தனிக் கதை. நான் பார்க்கச் சொல்றது அந்தப் பத்துப் பேர் பட்டியலை. நிறுவனர், தாளாளர், தலைமையாசிரியை, கல்வித்துறைக்காரங்களோட சத்துணவு அமைப்பாளரும், சமையல்காரப் பெண்ணும் அதுல இருந்தாங்க. அடுப்பை எங்கே வைக்கிறது, மாடியில என்ன கூரை போடறது என்பதெல்லாம் சமையல்காரம்மாவைக் கேட்டா முடிவு பண்ணியிருப்பாங்க? ஆனா கூண்டுல ஏறும்போது மட்டும் எல்லாரும் சமம்.

2017 செப்டம்பர்ல குருகிராம்ல ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல ஏழு வயசுப் பையன் கொலை. ஹரியானா போலீஸ் முதல்ல பிடிச்சது யாரை? பஸ் கண்டக்டரை. அவர் ஒப்புக்கிட்டார்னு டிவியில ஓட்டினாங்க. ரெண்டு மாசத்துல சிபிஐ வந்து அதே பள்ளியோட பதினோராம் வகுப்பு மாணவனைக் கைது பண்ணிச்சு. கண்டக்டர் 2018-ல வழக்குலேர்ந்து விடுவிக்கப்பட்டார். வெளியே வந்தார் சரி, அதுவரைக்கும் பட்டதை யார் திருப்பித் தருவாங்க?

நவி மும்பை கார்கரில் 2016 நவம்பர்ல பத்து மாசக் குழந்தையைக் காப்பகத்து ஆயா அடிச்ச கேமராக் காட்சியை நாடே பார்த்தது. ஆயாவையும் உரிமையாளரையும் கைது பண்ணாங்க. அந்த ஆயா செஞ்சது கொடுமை, அதுல ரெண்டாவது பேச்சு இல்லை. ஆனா அங்க கேமரா இருந்தது, கவனிச்சீங்களா? "எங்ககிட்ட சிசிடிவி இருக்கு மேடம்"னு எல்லா இடத்துலயும் பெருமையாச் சொல்றாங்களே, அதேதான். அது பதிவு பண்ணிச்சு, தடுக்கலை. பக்கத்து அறையில இருக்கிற ஒரு மனுஷி "ஏய், என்ன பண்றே?"ன்னு ஓடி வந்து தடுக்கலாம். அடுத்த நாள் முதலாளிகிட்ட பயப்படாம சொல்லலாம். அப்படிச் சொல்ல முடியற இடமா வெச்சிருக்கோமா என்பதுதான் கேள்வி.

ஆக, பிரச்சினை வர்ற வரைக்கும் ஆயாவுக்கு வாய் கிடையாது. பிரச்சினை வந்த மறு நிமிஷம் ஆயாவுக்கு மட்டும்தான் பொறுப்பு. பேச உரிமை இல்லாத ஆளுக்குப் பழியில மட்டும் முழுப் பங்கு. எந்த ஊர் நியாயம் இது?

கடமை இருக்கு, குடை இல்லை

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். போக்சோ சட்டம் 2012, பிரிவு 19. ஒரு குழந்தைக்கு எதிரா பாலியல் குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சாலோ, நடக்கப் போகுதுன்னு அச்சம் இருந்தாலோ, யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும். சொல்லலைன்னா பிரிவு 21-படி ஆறு மாசம் வரைக்கும் சிறை. நிறுவனத்தை நடத்துறவரே தன் கீழே இருக்கிறவர் செஞ்சதை மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும். நல்லெண்ணத்தோட தகவல் சொன்னவர் மேல வழக்கு போட முடியாதுன்னும் அதே பிரிவு 19 சொல்லுது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75, பிள்ளையைப் பொறுப்புல வெச்சுக்கிட்டு அடிக்கிற, கவனிக்காம விடற கொடுமையைப் பத்திப் பேசுது. அப்படிச் செய்யறவர் பிள்ளைங்களைப் பராமரிக்கிற நிறுவனத்து ஆளா இருந்தா அஞ்சு வருஷம் வரைக்கும் போகலாம்.

நல்லது. கடமையைத் தெளிவா எழுதி வெச்சிருக்காங்க. இப்போ கடமையைச் செஞ்சவளுக்கு வேலை போச்சுன்னா?

நெடுஞ்சாலை ஊழலை எழுதின பொறியாளர் சத்யேந்திர துபே 2003-ல கயாவில சுட்டுக் கொல்லப்பட்டார். அதுக்கப்புறம் நாடு கொதிச்சு, பதினோரு வருஷம் கழிச்சு 2014-ல தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறிச்சு. ஜனாதிபதி கையெழுத்தும் ஆச்சு. ஆனா நடைமுறைக்குக் கொண்டு வரலை, பெட்டிக்குள்ள தூங்குது. முழிச்சாலும் நமக்குப் பிரயோஜனம் இல்லை, அது அரசு ஊழியர் ஊழலைப் பத்தினது. தனியார் காப்பகத்துப் பின்வாசல் சாவி அதுக்குள்ள வராது.

சரி, லேபர் கோர்ட்டுக்குப் போகலாமேன்னு கேப்பீங்க. பள்ளி ஆசிரியை சுந்தரம்பாள் வழக்குல 1988-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் "தொழிலாளி" கிடையாதுன்னு. காப்பகத்துல பாத்ரூம் கழுவற நேரம் நீங்க ஆயா. சம்பளம் கேட்கிற நேரம் "டீச்சரம்மா, இது சேவை". எது அவங்களுக்கு வசதியோ அது. புரொபேஷன்ல இருக்கிறவளை அனுப்பறதுக்கு "சரிப்படலை"ங்கிற ஒரு வார்த்தை போதும்.

அங்கன்வாடி அக்காங்களைப் பாருங்க. 1975-ல தொடங்கின திட்டம், நாட்டிலேயே பெரிய குழந்தைப் பராமரிப்பு ஏற்பாடு. ஆனா அவங்களுக்குக் கொடுக்கிறதுக்குப் பேரு சம்பளம் இல்லை, மதிப்பூதியம். அவங்களுக்குப் பணிக்கொடை உண்டுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரல்லதான். ஆனாலும் அவங்களுக்குச் சங்கம் இருக்கு. கட்டடம் ஒழுகுதுன்னா கூட்டமாப் போய்க் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்கார முடியுது. நாலு பேர் வேலை பார்க்கிற தனியார் காப்பகத்து ஆயா எந்த வாசல்ல போய் உக்காருவா?

எதிர்க்கட்சி வாதம்

நியாயமா எதிர்த்தரப்பையும் கேட்டுடலாம்.

"புதுசா வந்தவங்களுக்கு எல்லாமே தப்பாத்தான் தெரியும்." பாதி உண்மை. நான் சேர்ந்த புதுசுல, நல்லாத் தூங்கிட்டிருந்த ஒரு பிள்ளையை அந்த அக்கா தினமும் ஒரே நேரத்துக்கு எழுப்புவாங்க. ஏங்கான்னு கேட்டேன். வலிப்பு மருந்து, நேரம் தப்பக்கூடாதுன்னு சொன்னாங்க. பேச்சு ஒரு நிமிஷத்துல முடிஞ்சது. காரணம் இருக்கிற விஷயத்துக்குப் பதில் சொல்ல ஒரு நிமிஷம் போதும். காரணம் இல்லாத விஷயத்துக்குத்தான் "நீ வந்து எத்தனை மாசம் ஆச்சு?"ன்னு எதிர்க்கேள்வி வரும். இதையே நீங்க சோதனையா வெச்சுக்கலாம்.

"பொய்ப் புகார் கொடுத்துத் தொழிலையே கெடுத்துடுவாங்க." வேணும்னே கெட்ட எண்ணத்துல பொய்ப் புகார் கொடுத்தா தண்டனை உண்டுன்னு போக்சோ பிரிவு 22-லயே இருக்கு. நிர்வாகத்துக்குக் குடை ஏற்கெனவே பிடிச்சாச்சுங்க. நான் கேட்கிறது இன்னொரு குடை. அது மட்டுமில்லாம பூட்டு, சாவி, ஆள் கணக்கு இதெல்லாம் புகாரே இல்லை. யார் வேணா வந்து கண்ணால பார்க்கலாம்.

"வெளிநாட்டுல எல்லாம் சரியா இருக்கு, இங்கதான் இப்படி." இல்லைங்க. இங்கிலாந்துல பிளிமத் ஊர்ல ஒரு நர்சரி. 2009-ல அங்க வேலை பார்த்த பெண் ஒருத்தி பிள்ளைங்களைப் பாலியல் கொடுமை பண்ணிப் படம் எடுத்தது வெளியே வந்து சிறைக்குப் போனா. அடுத்த வருஷம் விசாரணை அறிக்கை வந்தது. கூட வேலை பார்த்தவங்களுக்கு அவ நடவடிக்கை ஏற்கெனவே உறுத்தியிருக்கு. ஆனா அவ அந்த இடத்துல செல்வாக்கான ஆள். தட்டிக் கேட்க யாராலும் முடியலை, எங்கே போய்ச் சொல்றதுன்னும் தெளிவு இல்லை. இத்தனைக்கும் அந்த நாட்டுல பொதுநலனுக்காக உள் விவரம் சொல்றவரைக் காக்கிற சட்டம் 1998-லயே வந்தாச்சு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பாதுகாப்பு உண்டு. சட்டம் இருந்தும் வாய் வரலை. ஏன்னா சட்டம் புத்தகத்துல இருந்தது, செல்வாக்கு அறைக்குள்ள இருந்தது. அதனால நான் சட்டத்தை மட்டும் கேட்கலை, அறைக்குள்ள இருக்கிற பழக்கத்தையும் மாத்தச் சொல்றேன்.

இப்போ நம்ம பக்கம்

இதைப் படிக்கிற பாதிப் பேர் ஐடியில ஆணி பிடுங்கற அம்மா அப்பாக்கள். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கோங்க.

காப்பகம் பார்க்கப் போனப்ப என்ன கேட்டீங்க? ஏசி இருக்கா, இங்கிலீஷ் பேசுவாங்களா, மொபைல்ல லைவா தெரியுமா. அந்த ஆயாவுக்கு என்ன சம்பளம்னு கேட்டீங்களா? அவங்க பேரைக் கேட்டீங்களா? அடுத்த தடவை இதைக் கேட்டுப் பாருங்க:

மத்தியானம் ஒண்ணேகால் மணிக்குச் சொல்லாம வந்து பார்க்கலாமா?

பின்வாசல் சாவி இப்போ, இந்த நிமிஷம், யார்கிட்ட இருக்கு?

அடிபட்ட நோட்டைக் காட்டுங்க. எழுதி நிரம்பின நோட்டைப் பார்த்துப் பயப்படாதீங்க. தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைங்க விழத்தான் செய்யும். வெள்ளையா இருக்கிற நோட்டைப் பார்த்துப் பயப்படுங்க.

கடைசியா வேலையை விட்டுப் போனது யார், எதுக்காக? இந்தக் கேள்விக்கு முகம் எப்படி மாறுதுன்னு மட்டும் பாருங்க.

இன்னொண்ணு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற நிறுவனம் காப்பக வசதி தரணும்னு 2017-ல மகப்பேறு சட்டத் திருத்தம் சொல்லிச்சு. இப்போ அந்த இடத்துல வந்திருக்கிற சமூகப் பாதுகாப்புத் தொகுப்புலயும் அது இருக்கு. 2018-ல மத்திய அரசு அதுக்கு வழிகாட்டுதலும் வெளியிட்டது. நம்ம மாநிலத்துல ப்ளே ஸ்கூல்களுக்குன்னு 2015-ல விதித்தொகுப்பு வந்தது. காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. உங்க கம்பெனி ஏதாவது காப்பகத்தோட ஒப்பந்தம் போட்டிருந்தா, ஹெச்.ஆர்.கிட்ட ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க: "பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிக் குறை சொன்னதற்காக எந்தப் பணியாளரையும் நீக்கக் கூடாது, நீக்கினால் காரணத்தை எங்களுக்கு எழுத்தில் தர வேண்டும்." ஆயா கேட்டா நடக்காது. மொத்தமாப் பணம் கட்டற கம்பெனி கேட்டா அடுத்த நாளே நடக்கும். அந்தப் பலம் உங்க கையில இருக்கு, சும்மா கிடக்கு.

காப்பகம் நடத்துறவங்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகை, கரண்ட், ஆள் நிக்காத கஷ்டம் எல்லாம் தெரியும். ஆனா நான் சொல்றது பைசா செலவில்லாத காரியம். புது ஆள் சேர்ந்து ஒரு மாசம் ஆனதும் உக்கார வெச்சு டீ கொடுத்து, "உனக்கு இங்க என்ன உறுத்துது?"ன்னு கேளுங்க. அவ சொல்றதை எழுதுங்க. ஒரு வாரத்துல பதில் சொல்லுங்க. முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு சொல்லுங்க. சாவியை ஆணியில மாட்டுங்க, அதுக்கும் காசு வேண்டாம்.

புதுசா இந்த வேலைக்குப் போற தங்கச்சிகளுக்கு: பார்த்ததைத் தேதி, நேரத்தோட அன்னிக்கே எழுதி வைங்க. "நீங்க தப்பு பண்றீங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க. "ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் இன்னொரு ஆள் இருந்தா நல்லது"ன்னு காரியத்தைச் சொல்லுங்க. வாயால சொன்னதை ஒரு வாட்ஸப் செய்தியாவும் போட்டு வைங்க, நாளைக்கு "யாரும் சொல்லவே இல்லையே"ன்னு கை விரிக்க முடியாது. பிள்ளைங்களைப் படம் எடுக்காதீங்க, எடுத்துப் பரப்பவே பரப்பாதீங்க, அது அந்தப் பிள்ளைக்கே கெடுதல். ஆனா ஒரு பிள்ளையை அடிக்கிறாங்க, தொடக்கூடாத இடத்துல தொடறாங்கன்னா இந்தப் படிக்கட்டு எதுவும் வேண்டாம். முதலாளி அனுமதி தேவையில்லை. 1098-க்கு போன் போடுங்க, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. அங்க காத்திருந்து பார்க்கிறது பொறுமை இல்லை.

முடிக்கிறேன். வாயில்லா ஜீவன்னு மாட்டைச் சொல்லுவோம். காப்பகத்துல இருக்கிற ஒண்ணரை வயசுப் பிள்ளையும் அப்படித்தான். எங்கே வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது, யார் கிள்ளினாங்கன்னு சொல்லத் தெரியாது. அதுக்காகப் பேசறதுக்கு அந்தக் கட்டடத்துல காசு கொடுத்து வெச்சிருக்கிற ஒரே வாய் அந்த ஆயாவோடதுதான். அதையும் மூடிட்டா, அந்தப் பிள்ளைக்கு வேற யாரு இருக்கா?

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல தாராளமாச் சண்டைக்கு வாங்க, நான் ஓட மாட்டேன். "உங்களுக்கு இந்தத் துறையில எத்தனை வருஷ அனுபவம்?"னு ஆரம்பிக்கிற பின்னூட்டம் மட்டும் வெளியாகாது :-)

டிஸ்கி: காப்பகம் எல்லாமே மோசம்னு நான் எங்கேயும் சொல்லலை. பிள்ளையைத் தன் பிள்ளையா வளர்க்கிற ஆயாம்மாக்களை இதே சாந்தோம்ல பார்த்திருக்கேன். அவங்களுக்கு நாம செய்யற மரியாதை, "நீ என்ன நினைக்கிறே?"ன்னு ஒரு தடவையாவது அவங்களைக் கேட்கறதுதான்.